லீசுக்கு 6 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பாப்பாரப்பட்டி. கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மகள் ஏழாம் வகுப்பு போகிறாள். மத்திகிரியில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை என்றால் மாதம் 9,000, அட்வான்ஸ் 90,000. லீஸ் என்றால் 6 லட்சம், மூன்று வருடம், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமாம். கறவை மாடு இரண்டை விற்று, நகையை அடகு வைத்துப் பணம் புரட்டிவிட்டோம். ரொக்கமாகத் தாருங்கள், நோட்டரி வைத்து எழுதித் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, ஞாயிற்றுக்கிழமை எதுவும் கொடுக்காதீர்கள். வீடு நல்ல வீடாகவே இருக்கலாம், வீட்டுக்காரரும் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் முறையில் 6 லட்சத்தைக் கொடுத்தால், உங்கள் கையில் மிஞ்சுவது ஒரு தாள் மட்டும்தான்.

முதலில் இந்த லீஸ் விஷயம். நம் பக்கத்தில் போக்கியம், ஒத்தி என்று சொல்வதைத்தான் ஓசூரில் லீஸ் என்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் அனுபவ அடமானம். நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கிறீர்கள். சொத்து மாற்றுச் சட்டம், 1882 படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட இப்படிப்பட்ட அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். நோட்டரி கையெழுத்து பதிவு ஆகாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியும் தீரவில்லை. சிவப்பு முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். நோட்டரியின் முன் இன்னார் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் அந்த முத்திரை உதவும். வீட்டின் மீது உங்களுக்கு எந்த உரிமையையும் அது தராது. பதிவாகாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு பணம் கொடுத்தேன் என்று வழக்குப் போடலாம், வீட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். துணிக்கடைப் பையிலிருந்து நான்காக மடித்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து வைத்தார்கள். அதோடு, கேட்டில் ஒட்டியிருந்த வங்கி நோட்டீசையும் கிழித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் பின்பக்கம் பசைகூடக் காயவில்லை. இவர்கள் குடிபோவதற்கு நான்கு வருடம் முன்பே அந்த வீட்டின் பேரில் வீட்டுக்காரர் கடன் வாங்கியிருந்தார், கட்டவில்லை. வங்கியின் உரிமை முந்தியது, அதனால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பணத்துக்கு வழக்குப் போட்டோம், தீர்ப்பும் நம் பக்கம் வந்தது. வசூலிக்கத்தான் அவர் பெயரில் வேறு எதுவும் இல்லை. அந்த அம்மா அடிக்கடி போன் செய்து, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்பார். உங்கள் கடிதத்தில் மாடு விற்ற வரியைப் படித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

எனவே, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை. வீட்டின் கிரையப் பத்திர நகல், சர்வே எண், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண். சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகப் பெயரும் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம், பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கி, அது பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் தெரியும். ஆனால் பத்திரத்தைத் தனியாரிடம் வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் தெரியாது. அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது. "பேங்க் லாக்கரில் இருக்கிறது" என்றால், லாக்கரிலிருந்து எடுத்துவரும் வரை காத்திருப்போம் என்று சொல்லுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். பேசுபவர் கணவராகவும் வீடு மனைவி பெயரிலும் இருக்கும். அப்படியானால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

பழைய ஓசூர் பத்திரங்களில் தருமபுரி மாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். 1965க்கு முந்தியது என்றால் சேலம் மாவட்டம் என்றே இருக்கும்.

ரொக்கம் கேட்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கடனாகவோ டெபாசிட்டாகவோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. வங்கி வழியாக அனுப்புங்கள். நாளைக்கு ஒரு தகராறு என்றால் பாஸ்புக் வரிதான் உங்கள் முதல் சாட்சி.

வில்லங்கம் சுத்தமாக இருந்து, வீட்டுக்காரர் பதிவு செய்துதரவும் சம்மதித்தால் லீஸைப் பற்றி யோசிக்கலாம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று செலவு வரும், அதை யார் ஏற்பது என்று பேசிக்கொள்ளுங்கள். பதிவு வேண்டாம் என்று அவர் மழுப்பினால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், புது ஊரில் முதல் வருடம் வாடகையே மேல். வேலை எப்படியிருக்கும் என்று இன்னும் தெரியாது. 6 லட்சத்தை ஒரே வீட்டில் முடக்கிவிட்டால் நகையை மீட்பது எப்படி?

சரி, வாடகைக்கு வருவோம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திகிரி ஓசூர் மாநகராட்சிக்குள் வருவதால் உங்களுக்கும் அது பொருந்தும். மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்பது அதில் பொது விதி. உங்கள் கணக்கில் 27,000. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுமாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெங்களூரைப் பார்த்து ஓசூரிலும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் சட்டத்தைக் காட்ட முடியாது. பேரம் பேசுவதெல்லாம் அதற்கு முன்புதான்.

"பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம்" என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பேச்சு. புதுச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுதிய 90 நாளுக்குள், இதற்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரர் வராவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் தனியாகவும் மனுப் போடலாம். இந்தப் பதிவு இருந்தால்தான் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தினால் அந்த அதிகாரியிடம் போய் நிற்க முடியும்.

ஒப்பந்தத்தில் பெயிண்ட் வரியைத் தேடிப் படியுங்கள். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. பலர் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கு என்று பிடித்துக்கொள்வதாக எழுதிவைக்கிறார்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம் மின் மீட்டர். உங்களுக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரர் போட்ட சப் மீட்டரா என்று பாருங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கையும், சுவர் விரிசல், குழாய், கதவையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

மகள் விஷயத்தில் கவலை வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம், 2009 துணை நிற்கிறது. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவது அவள் உரிமை. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும், அது தாமதமானாலும் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கிளம்பும் முன் அவளுடைய எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் அவளுக்குள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பதிவேட்டில் பழைய பள்ளி அவள் பெயரை விடுவித்துவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். இது செய்யாமல் பலர் இரண்டு முறை பஸ் ஏறுகிறார்கள்.

ரேஷன் அட்டையில் முகவரி மாற்றத்தை ஆன்லைனில் செய்யலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கணவருடைய பைக் ஆர்.சி.யில் முகவரி மாறியதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மாநிலம் மாறாததால் டிஎன் 29 நம்பரே தொடரும்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது பணத்துக்குப் பதில் ஒரு நோட்டு கொண்டுபோங்கள். சர்வே எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அதற்குள் வேறு யாராவது அந்த வீட்டைப் பிடித்துவிட்டால் போகட்டும், மத்திகிரியில் வேறு வீடு கிடைக்கும்.