போலோ ஜிடிக்கு 17 இஞ்ச் அலாய், 215 டயர் போடலாமா?

கேட்டவரிடம் இருப்பது 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கம்பெனி கொடுத்த டயர் 185/60 ஆர்15 (அகலம் 185 மிமீ, சைடுவால் என்ற பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 இஞ்ச்). கடையில் 17 இஞ்ச், 7ஜே (ரிம் அகலம் 7 இஞ்ச்), ஈடி 35 (ஆஃப்செட், கீழே விளக்குகிறேன்) அலாயைக் காட்டி, 215/45 டயரோடு "எல்லாம் உட்காரும் சார்" என்கிறார்களாம். டயர் தேய்ந்து மாற்றப் போன இடத்தில் ரிம்மையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

உட்காரும். ஐந்து துளையும் சேர்ந்துவிட்டால் எந்த வீலும் உட்காரும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு 100ல் போகும்போது அது எங்கே உரசுகிறது, எதைத் தளர்த்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு 16 இஞ்ச், 6.5ஜே, ஈடி 40ஐ ஒட்டி, 195/55 ஆர்16 டயர். இதே ஜிடிக்குப் பின்னாளில் கம்பெனியே கொடுத்த டயர் அளவு இது. 17 போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 17ஐயும் ஒழுங்காகப் போட வழி உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் கடையில் காட்டும் அந்த செட் அதற்கான வழி இல்லை.

முதலில் விட்டம். டயர் அகலத்தை விகிதத்தால் பெருக்கி இரண்டு மடங்காக்கி, ரிம் இஞ்ச்சை 25.4ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்த உயரம் வரும். 185/60 ஆர்15க்கு 603 மிமீ. 195/60 ஆர்15க்கு 615, அதாவது 2 சதவீதம் கூடுதல். 195/55 ஆர்16க்கு 621, 3 சதவீதம். 205/45 ஆர்17க்கு 616, 2.2 சதவீதம். உங்களிடம் காட்டிய 215/45 ஆர்17க்கு 625, 3.7 சதவீதம். கூட்டலோ குறைவோ 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 16 வாங்கிய பலர் "பழசு 60, புதுசு 55, சரியாப் போச்சு" என்று 205/55 ஆர்16 மாட்டுகிறார்கள். அது 632 மிமீ, 185/60ஐ விட 4.8 சதவீதம் பெரிது. முன்னால் 100 காட்டிய அதே சுழற்சியில் வண்டி இப்போது கிட்டத்தட்ட 105 போகும். கியர் விகிதம் நீண்டுவிடும், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் அதிக நேரம் நழுவும், பிரேக்குக்கும் பிடிமானம் அந்த அளவு குறையும். 175 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள வண்டியில் இன்ஜினுக்கு இது பெரிய சுமை இல்லைதான். ஆனால் அந்தத் துடிப்புக்காகத்தானே ஜிடி வாங்கினீர்கள்?

அடுத்தது ஆஃப்செட். தவறு அதிகம் நடப்பது இதில்தான். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகம் எத்தனை மிமீ வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதுதான் ஈடி எண். ஈடி குறைந்தால் வீல் வெளியே தள்ளும், கூடினால் உள்ளே போகும். அகலம் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் கூடும். உங்கள் பழைய ரிம்மின் பின்புறம் பொறித்திருப்பதைப் பாருங்கள், 6ஜே, ஈடி 40 என்று வைத்துக்கொள்வோம். 6 இஞ்ச்சில் பாதி 76.2 மிமீ. அதில் 40 கழித்தால் வெளி விளிம்பு ஹப் முகத்திலிருந்து 36.2 மிமீ. 40 கூட்டினால் உள் விளிம்பு 116.2. காட்டிய 7ஜே, ஈடி 35க்கு இதே கணக்குப் போட்டால் வெளியே 53.9, உள்ளே 123.9. ரிம் மட்டுமே 17.7 மிமீ வெளியேயும் 7.7 மிமீ உள்ளேயும் போகிறது. வெளியே தள்ளிய அந்த 17.7தான் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பாலத்தின் இணைப்பில் குதிக்கும்போது ஃபெண்டர் விளிம்பில் அரைக்கும். ஸ்டியரிங் குழிக்குக் குழி கையை உதறும், ஹப் பேரிங்குக்கு நெம்புகோல் நீளும், கதவு முழுக்கச் சேறு அடிக்கும். உள்ளே கூடிய மிமீ முன்பக்க ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தூண்) இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6.5ஜே, ஈடி 40 என்றால் இரண்டு பக்கமும் 6.4 மிமீதான் கூடும். 17தான் வேண்டும் என்றால் 7ஜே, ஈடி 40க்குக் குறையாமல், 205/45 போடுங்கள். அதிலும் இரண்டு பக்கமும் 12.7 மிமீ கூடும், ஆகவே ஸ்ட்ரட் இடைவெளியை அளக்காமல் வாங்காதீர்கள். 205/45 ஆர்17க்கு அனுமதித்த ரிம் அகலம் 6.5 முதல் 7.5 வரை. 215/45க்கு 7 முதல் 8 வரை. அதாவது 215ஐ 7ஜேயில் போடுவது எல்லையின் கீழ்நுனி. "ஈடி சரியில்லைன்னா ஸ்பேசர் போட்டுக்கலாம்" என்பார்கள் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு). ஸ்பேசர் வீலை வெளியே மட்டும்தான் தள்ளும். வெளியே தள்ளிய வீலை உள்ளே கொண்டுவர எந்த வழியும் கிடையாது.

போலோவின் பிசிடி (போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5×100, நடுத்துளை 57.1 மிமீ. கடை அலாய்கள் பல வண்டிக்கும் பொதுவாக 67.1, 73.1 என்று பெரிய துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். வெளிவட்டம் வீலின் துளைக்கு, உள்வட்டம் 57.1க்கு, அலுமினியமாக இருந்தால் நல்லது. ரிங் இல்லாமல் மாட்டினால் வீல் மையம் நூலிழை விலகி நிற்கும், பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் 80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். "ரோடு அப்படி" என்று அனுப்பிவிடுவார்கள். ரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

இதைவிட ஆபத்து போல்ட். கம்பெனி வீலுக்கு உருண்டை இருக்கை (வீலில் அழுந்தும் பகுதி) போல்ட், எம்14 (14 மிமீ தடிமன்), மரை இடைவெளி 1.5 மிமீ. கடை அலாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு இருக்கை. பழைய உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொடும். முறுக்கும்போது இறுகின மாதிரியே இருக்கும், ஓட ஓடத் தளரும். புது வீலுக்கு ஏற்ற இருக்கையும் நீளமும் உள்ள போல்ட் 20 தனியாக வாங்க வேண்டும். நீளத்தைச் சரிபார்க்க, கையால் முறுக்கி இறுகும் வரை சுற்றுகளை எண்ணுங்கள். எட்டுச் சுற்றுக்குக் குறையக் கூடாது. அதற்காக நீளத்தை அளவில்லாமல் கூட்டினால் ஹப்பைத் தாண்டிப் பின்னால் நீட்டி, பின்பக்க டிரம்முக்குள் இருக்கும் பிரேக் பாகங்களில் இடிக்கும். ஒரு போல்ட் விடாமல் முறுக்கியபின் வீலைக் கையால் சுழற்றிப் பாருங்கள்.

எடை தாங்கும் எண்ணை யாரும் கேட்பதில்லை. 185/60 ஆர்15ல் வழக்கமாக 84, ஒரு டயருக்கு 500 கிலோ. 195/55 ஆர்16ல் 87, 545 கிலோ. 205/45 ஆர்17 சாதாரண டயர் 84, எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) டயர் 88. எக்ஸ்எல்லின் 88 என்பது 42 பிஎஸ்ஐயில் சொன்ன கணக்கு, சாதாரண டயரின் எண் 36 பிஎஸ்ஐயில் சொன்னது. ஆகவே ஒரே காற்றழுத்தத்தில் 88 எக்ஸ்எல் தாங்குவது கிட்டத்தட்ட 84 சாதாரண டயர் தாங்கும் அளவுதான். உங்கள் வண்டி 84லிருந்து வருவதால் பழைய அழுத்தமே போதும். 16 இஞ்ச்சின் 87லிருந்து 17க்கு மாறுகிறவர்கள் 4 பிஎஸ்ஐ கூட்டி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சைடுவால் சூடேறி உள்நூல் அறுந்து பக்கவாட்டில் கட்டி கிளம்பும். 205/45ன் சைடுவால் உயரம் 92 மிமீ, உங்கள் பழையதில் 111. நம் ஊரில் பெயின்ட் அடிக்காத வேகத்தடையும் மழைக்காலக் குழியும் அந்த 19 மிமீயில்தான் ரிம்மைப் பிளக்கின்றன.

ரிம்மின் எடையையும் பாருங்கள். கடையில் தராசு இல்லை என்றால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய ரிம்மைவிட ஒன்றுக்கு 2 கிலோ கூடினால் வண்டி இழுப்பதும் ஸ்பிரிங் மேடுபள்ளத்தை வாங்குவதும் மந்தமாகும். விளிம்பில் சேர்ந்த எடையை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வீலின் பின்புறம் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண்ணும், ஐஎஸ் 9436 என்ற தர எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பிரபல டிசைன் நகல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி உற்பத்தியாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் முன் நிற்கும்போது, அதே மாடலில் கம்பெனியே கொடுத்த 195/55 ஆர்16 என்றால் பேச இடமிருக்கும். நான் 16 என்று அழுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலாய் மாட்டும் அதே கடைகளில் ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் வெள்ளை எல்இடி பல்பையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஒரு மெல்லிய இழையின் இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. அங்கே எல்இடி பட்டையை வைத்தால் வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில்தான் கொட்டும். இரவில் இருவழிச் சாலையில் சைக்கிளில் வருகிறவர் சாலையோரமே தெரியாமல் தடுமாறி இறங்குகிறார். தயவுசெய்து அதை மட்டும் மாட்டாதீர்கள்.

மாட்டும் வரிசை. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன், வெறும் ரிம் ஒன்றை முன்னால் மாட்டிப் பாருங்கள். டயர் ஏறிய ரிம்மை எந்தக் கடையும் திரும்ப வாங்காது. ஹப் முகத்தின் துருவை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, ஹப் ரிங்கோடு மாட்டி, ஸ்போக்குக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவே குறைந்தது 3 மிமீ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் இடம் வேண்டும். பிறகு ஒரே ஒரு டயரை ஏற்றி மாட்டி, ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் 5 மிமீ இடைவெளி பாருங்கள். அதன்பின் நாலும். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஃபெண்டர் உள்விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியைத் தடவி வைத்தால் உரசிய இடம் டயரில் வெள்ளையாகத் தெரியும்.

போல்ட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. தடவினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச்சால் 120 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு "ஃபுல் டைட் சார்" என்பதை ஏற்காதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் ஆறியதும் இன்னொரு முறை ரெஞ்ச் வையுங்கள்.

ஸ்டெப்னி பழைய 15 இஞ்ச் இரும்பு வீலாகவே இருக்கும். புது டயர் அதைவிட உயரம் என்பதால், முன்வீல் பஞ்சரானால் பின்னாலிருந்து ஒரு நல்ல வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் உயரம் மாறினால் டிஃபரன்ஷியல் (இரண்டு முன்வீலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) ஓய்வில்லாமல் உழைக்கும். அந்த இரும்பு வீலுக்குக் கூம்பு போல்ட் சேராது, பழைய உருண்டை போல்ட்தான் வேண்டும். கழற்றிய பழைய போல்ட் இருபதையும் கடையிலிருந்து மறக்காமல் திரும்ப வாங்கி, ஐந்தை ஒரு துணியில் சுற்றி ஸ்டெப்னிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.