அம்மாவுக்குச் சத்து மா வாங்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 74 வயது, நிறை 48 கிலோ. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் கொஞ்சச் சோறும் சொதியும், இரவில் இரண்டு இடியப்பம். இடையில் பிளேன் ரீயும் பிஸ்கட்டும். எழும்பி நடக்கக் கால் பலமில்லை என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா சத்து மா ரின் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்த ஒருவரோ, கையில் ஒரு மெஷினைப் பிடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கல்சியம் இல்லை, மாதாமாதம் ஷேக் குடிக்க வேண்டும் என்கிறார். எதைக் கொடுப்பது?”

ஷேக் வேண்டாம். அந்த மெஷின் உடம்புக்குள் மிகச் சிறிய மின்சாரத்தை விட்டு, கொழுப்பும் தண்ணீரும் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கான் வேண்டும். வந்தவர் அடுத்ததாக, இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் உங்களுக்கு இலவசம் என்பார். ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் வியாபாரம் இலங்கையின் வங்கிச் சட்டப்படி தடை. ஆனாலும் இவர்கள் வயதானவர்கள் தனியே இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் கேற்றைத் தட்டுகிறார்கள்.

அம்மாவின் சாப்பாட்டில் குறைவது புரதம். வயதானவருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும்; அம்மாவுக்கு 50 கிராம் என்று வையுங்கள். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் பாதி தேறுவதே கஷ்டம். சொதியை நம்பாதீர்கள், அதில் புரதம் பெயருக்குத்தான். நம் வீடுகளில் மீன் துண்டு பேரப்பிள்ளைகளின் கோப்பைக்குப் போய்விடும், அம்மா குழம்போடு நிறுத்திக்கொள்வார். முதலில் அதை மாற்றுங்கள்.

ஒரு முட்டையில் 6 கிராம். உள்ளங்கையில் பாதியளவு மீனில் 12 கிராமாவது இருக்கும். சின்னக் கிண்ணம் தடிப்பான பருப்பில் 7, 8. அவித்த பயறும் அப்படியே. ஒரு கிளாஸ் பாலில் 6. சோறு, பாணில் வருவதையும் சேர்த்தால் கணக்கு சரி. கல்சியத்துக்கு அந்தப் பாலும், முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும், குரக்கனும் இருக்கின்றன. பிளேன் ரீயைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர அது தடை.

அண்ணாவின் ரின்னை எறிய வேண்டாம். லேபலைப் பாருங்கள், பெரியவர்களுக்கான பல ரின்களில் ஒரு கிளாசுக்கு 9, 10 கிராம் புரதம்தான், ஒன்றரை முட்டை. சீனியும் சேர்ந்திருக்கும். பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுக்கலாம், சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல.

ஆனால் ஒன்று. இதையெல்லாம் தொடங்கமுன் அம்மாவின் சிறுநீரகம் எப்படி என்று தெரிய வேண்டும். சலரோகமோ பிரஷரோ நெடுநாள் இருந்தால் கட்டாயம். சீரம் கிரியேற்றினின் என்ற இரத்தப் பரிசோதனை கேளுங்கள்; கிரியேற்றினின் என்பது தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. மெலிந்த வயதானவர்களுக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் கிரியேற்றினின் சரியான அளவுபோலத் தெரியும். அதனால் வயதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்றும் கேளுங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். சிறுநீரகம் பழுதென்றால் நான் சொன்ன 50 கிராம் பொருந்தாது, குறைக்க வேண்டி வரலாம். டயாலிசிஸ் செய்பவருக்கோ நேர்மாறு, புரதம் கூட வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சொன்னதை அம்மாவுக்குச் செய்யாதீர்கள்.

இதைக் கிளினிக்கில் கேட்டால் சொல்லமாட்டார்களா என்பீர்கள். விடியப் போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் இருந்தால், கொப்பியில் மருந்தை எழுதிவிட்டு “சத்தாச் சாப்பிடுங்கோ அம்மா” என்பதோடு முடிந்துவிடும். எது சத்து, எவ்வளவு என்று இருத்தி வைத்துச் சொல்ல ஒருவரைப் போட்டிருந்தால் மெஷின்காரருக்கு இங்கே என்ன வேலை? கேள்வியைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், கிரியேற்றினினை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று கிலோ தானாகக் குறைந்திருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

செவ்வாய், வெள்ளியும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மீன், முட்டை போன்ற மச்சம் இல்லையென்றால் அந்த நாட்களில் பருப்பும் பயறும் இரண்டு நேரம், தயிர் ஒரு நேரம். உழுத்தம்மாக் களியும் நல்லது. சலரோகம் இருந்தால் பனங்கட்டியைக் குறைத்துக் கிண்டுங்கள். பல் கட்டியது தளர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள். மெல்ல முடியாதவர் மீனையும் கடலையையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.