ஏல நிறுவனங்களின் போட்டி யாருக்காக?

அன்புள்ள ஐயா,

நாணயங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்கள் வாப்பா சங்கு வியாபாரம் செய்தவர். அவர் சேர்த்து வைத்த செப்புக்காசுகள் ஒரு தகர டப்பா நிறைய இருக்கின்றன. ராஜராஜன் காசு, சேது காசு, டச்சுக்காரர் காசு என்று நண்பர் ஒருவர் பிரித்துக் கொடுத்தார். பெரியபட்டினத்தில் எங்கள் தென்னந்தோப்பில் கிணறு வெட்டியபோது கிடைத்த சில காசுகளும் அதில் கலந்து கிடக்கின்றன.

விற்கலாம் என்று விசாரித்தேன். வெளிமாநில ஏல நிறுவனங்கள் இரண்டு போட்டி போட்டுக்கொண்டு பேசுகின்றன. ஒன்று, விற்பவரிடம் கமிஷனே கிடையாது, முன்பணமும் தருகிறோம் என்கிறது. மற்றொன்று 5 சதவீதம் கமிஷன் கேட்கிறது. இப்படிப் போட்டி இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதுதானே? யாரிடம் கொடுக்கலாம்? அனுப்பும் முன் காசுகளைப் புளி போட்டுத் துலக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புளியைத் தொடவே தொடாதீர்கள். செப்பின் மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த கரும்பச்சைப் படலத்தைப் புளியின் அமிலம் அரித்துவிடும். ராஜராஜன் காசில் ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கைக்கு அருகில் நாகரி எழுத்தில் அரசன் பெயர் இருக்கும். சேது காசில் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தின் மேடு தலைமுடி கனம்தான். ஒருமுறை துலக்கினால் மழுங்கும், இரண்டாம் முறை போயே போய்விடும். விவரம் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரும் பளபளக்கும் சோழர் காசைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்வார். மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே இருக்கட்டும்.

இனி போட்டி. ஏல நிறுவனங்களுக்கு இடையில் போட்டி கடுமையாகவே இருக்கிறது. ஆனால் அவை வாங்குபவருக்காக அடித்துக்கொள்வதில்லை. நல்ல சரக்கு வந்துவிட்டால் வாங்குபவர் தானே தேடி வருவார். சரக்கைக் கொண்டுவருபவர்தான் அரிது. அதனால் விற்பவர் கமிஷன் குறைந்துகொண்டே போய்ச் சுழியத்தைத் தொடுகிறது. அமெரிக்காவில் ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மோதிக்கொள்ளும் இடத்தில், பெரிய சேகரிப்பைக் கொண்டுவருபவருக்கு ஏலத்தில் முடிந்த விலைக்கு மேலேயே பணம் கொடுப்பதும் உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஏல விலைக்கு மேல் வாங்குபவரிடம் தனியாக வசூலிக்கும் கமிஷனிலிருந்துதான். லண்டனில் கிறிஸ்டீஸும் சோத்பீஸும் 1975இல் 10 சதவீதம் என்று ஆரம்பித்து வைத்தது அது. இன்று பல இடங்களில் 20 சதவீதம்.

அந்த இரு நிறுவனங்களின் பிற்கால வரலாறே இதற்குச் சாட்சி. 1990களில் இருவரும் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு கட்டணம் நிர்ணயித்தார்கள். வழக்கில் 51 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. சோத்பீஸின் தலைவராக இருந்தவர் 2001இல் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். அந்தச் சதியின் மையத்தில் இருந்தது விற்பவர் கமிஷன். போட்டி எங்கே லாபத்தைத் தின்றதோ அங்கேதான் கூட்டு வைத்தார்கள்.

இதை உங்கள் டப்பாவுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு காசுக்கு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். விற்பவரிடம் ஒன்றும் வாங்காத நிறுவனம் அவரிடம் 20 சதவீதம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 10,000 ரூபாயில் கேட்பதை நிறுத்திவிடுவார். உங்கள் கைக்கு 10,000. உங்களிடம் 5 சதவீதம் கேட்கும் நிறுவனம் அவரிடம் 12 சதவீதம்தான் வாங்குகிறது என்றால், அவர் ஏறக்குறைய 10,714 வரை கேட்பார். 5 சதவீதம் போக உங்கள் கைக்கு 10,178. கமிஷன் இல்லை என்றவரைவிடக் கமிஷன் கேட்டவரிடம் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது! வரி தனிக் கணக்கு. ஆகவே இரண்டு நிறுவனங்களிடமும் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேளுங்கள்: வாங்குபவரிடம் எவ்வளவு வசூலிக்கிறீர்கள்?

முன்பணம் பற்றி உங்கள் கரையில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர், பிடித்த மீனை வேறு யாரிடமும் ஏலத்துக்கு விட முடியாது. அந்த வியாபாரி சொன்னதுதான் விலை. நாணய ஏலத்தில் முன்பணம் வாங்குவதும் அதேதான். குறைந்தபட்ச விலை எவ்வளவு, எந்த ஏலத்தில் வைப்பது, பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பேசும் உரிமை அந்தப் பணத்தோடு போய்விடும். வாங்காதீர்கள்.

வெளிநாட்டு நிறுவனங்களின் பக்கம் போகவே வேண்டாம். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனிநபர் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.

கிணற்றில் கிடைத்த காசுகள்தான் என்னைத் தூங்கவிடாதவை. அவற்றை உடனே தனியாக எடுத்து வையுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால் தண்டனை உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் தரச் சொல்கிறது. செப்புக்கு அது என்ன காசு? கண்டெடுப்பவர்கள் வாய் திறக்காமல் போவதற்கு இந்தச் சட்டமே பாதிக் காரணம் என்பது என் எண்ணம். இருந்தாலும் சொல்கிறேன், தெரிவித்துவிடுங்கள்.

காரணம் சட்டம் மட்டுமல்ல. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்தன. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட தியோடோசியஸ், அர்காடியஸ் காலத்துச் சிறு காசுகள் அவை. ஐரோப்பிய ஏலங்களில் அந்த வகைக் காசைக் கொத்துக் கொத்தாக, மலிவு விலையில் விற்கிறார்கள். ஆனால் அழகன்குளத்து மண்ணில் கிடைத்ததால், ரோமாபுரியோடு பாண்டிய நாட்டுக் கடல் வணிகத் தொடர்பு எவ்வளவு காலம் நீடித்தது என்று அந்தச் சிறு காசு பேசுகிறது. சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்த பெரியபட்டினத்தில், இத்தனை அடி ஆழத்தில், இன்னின்ன காசுகள் சேர்ந்து கிடந்தன என்று நீங்கள் சொல்லும் தகவலுக்கும் அந்த மதிப்பு உண்டு. ஏலத்தில் ஒவ்வொன்றாகப் பிரிந்து நான்கு ஊருக்குப் போனால் அந்தத் தகவல் அன்றோடு செத்துவிடும். கேட்டலாக்கில் 'செப்பு, நல்ல நிலை' என்று ஒரு வரி மிஞ்சும். எத்தனை நிறுவனங்கள் போட்டி போட்டாலும், கிடைத்த இடத்தைப் பதிவு செய்வதில் போட்டி போடும் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதை அலட்சியம் செய்தவர்களுக்கு உலகச் சந்தையே பாடம் நடத்தியிருக்கிறது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட தங்கக்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் கமிஷனோடு 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. முந்தைய உரிமையாளர் விவரம் பொய்யாகப் புனையப்பட்டது என்று பின்னால் தெரிந்து, 2023இல் காசு கிரீஸ் நாட்டுக்குத் திரும்பியது.

ஆகவே டப்பாவை இரண்டாகப் பிரியுங்கள். வாப்பா வாங்கிச் சேர்த்தவற்றை விற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒவ்வொன்றையும் இருபுறமும் படம் எடுத்து, எடை போட்டு, யாரிடம் எப்போது வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதிவையுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அது வார்ப்புப் போலியாக இருக்கலாம்; சோழர் காசு அச்சில் அடித்தது. கிணற்றுக் காசுகளுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். கிணறு வெட்டிய ஆட்கள் ஊரில் இருந்தால் இந்த வாரமே போய் ஆழத்தைக் கேட்டுக் குறித்துவிடுங்கள்.

இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத் தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். விற்காத காசைத் திருப்பித் தரக் கட்டணம் கேட்கிறார்களா, ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும் என்ற இரண்டையும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.