கிறுக்கும் கயிறும்

கேள்வி: ஆபீஸ் மீட்டிங்கில் கை சும்மா இருக்காமல் நோட்டில் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கிறேன். அந்த நோட்டை மற்றவர்களிடம் காட்டினால் சிரிப்பார்களா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கிறுக்கு! படம் போடுவதற்கும் பைத்தியத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர் யாரோ, அவரும் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டவராகத்தான் இருப்பார். இப்படிக் கிறுக்குவதை நாங்கள் ஒருமுறை ‘டூடுல்’ என்று அச்சிட்டுவிட்டோம். ‘இலக்கிலாக் கோட்டோவியம்’ என்று போடச் சொல்லி ஒரு தமிழன்பர் ஏழு கடிதம் எழுதினார். ஏழாவதின் ஓரத்தில் ஒரு கிளி வரைந்திருந்தார். அருமையான கிளி. “ஐயா, இது இலக்கிலாக் கிளியா?” என்று கேட்டு எழுதினேன். அதோடு கடிதம் நின்றுபோயிற்று. கிளிக்காகவாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மீட்டிங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 2009இல் ஜாக்கி ஆன்ட்ரேட் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 40 பேரை ஓர் அறுவையான போன் பேச்சைக் கேட்க வைத்தார். கேட்டபடியே தாளில் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. இதை மேனேஜரிடம் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவர்கள் தீட்டியது அச்சடித்த வட்டத்தையும் சதுரத்தையும். மேனேஜரின் மூக்கை அல்ல.

சரி, யாரிடம் காட்டுவது? கணித மேதை ராமானுஜன் வேலை கேட்டுப் போய், டெப்டி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். அதைப் பார்த்தபின் ரெவின்யூ இலாகாவில் ஒரு கடைநிலை வேலையைக் கொடுக்க ஐயருக்கு மனம் வரவில்லை. நோட்டு நன்றாக இருந்ததால் கேட்ட வேலை கிடைக்காமல் போனவர் அவர் ஒருவர்தான். அப்புறம் 1912இல் நம் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவானார்.

என் கதை அவ்வளவு பெரியதில்லை. காசிமேட்டில் ஒரு விசைப்படகை வரைந்தேன். டயர், கொடி, வலைக் குவியல் எல்லாம் போட்டு, ஓவியம் தெரிந்த நண்பர்களிடம் காட்டினேன். “கோட்டில் ஒரு தேடல் இருக்கிறது” என்றார்கள். என்னத்தைத் தேடினேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பிறகு படகுக்காரரிடமே நீட்டினேன். நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், கயிறு கட்டாம வுட்டுக்கீற? ராவுல காத்து அடிச்சா போட்டு எங்க போவும் தெரியுமா?”

என் படத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே உருப்படியான விமரிசனம் அதுதான். “பசங்களாண்ட காட்டிட்டுத் தரேன்” என்று நோட்டை வாங்கிப் போனார். இரவல் போன புத்தகங்களுக்காக இந்தப் பக்கத்திலேயே பலமுறை அழுதிருக்கிறேன். இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். நான்காம் நாள் மீன் வாசனையோடு திரும்பி வந்தது. படகுக்கு நீலப் பேனாவில் கயிறு போட்டுக் கரையில் கட்டியிருந்தார். எதிர்ப்பக்கத்தில் டீசல் கணக்கு. அதில் ஒரு கூட்டல் தப்பு இருந்தது. நான் திருத்தவில்லை.