பிரஷர் உள்ள அம்மாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் குளிசை எழுதியிருக்கிறார்கள். கட்டாயம் போட வேண்டுமா?

போட வேண்டும். அம்மா "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, ஏன் குளிசை" என்று கேட்டிருப்பார், அதனால்தான் நீங்கள் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார்.

நான் டொக்டர் இல்லை. சாவகச்சேரியில் இருந்து மாதாமாதம் அப்பாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் மகள். அவருக்கு 71 வயது, இருபது வருடப் பிரஷர். நாடி பிடித்தால் இரண்டு அடித்து ஒன்று தவறும், பிறகு மூன்று சேர்ந்து ஓடும். ஈசிஜி எடுத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். நாட்பட்ட பிரஷரால் இதயத்தின் மேலறை விரிந்து, சுருங்காமல் நடுங்கத் தொடங்குமாம். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். மற்றவர்களை விட இவர்களுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு.

வார்பரின் ஒழுங்காகப் போட்டார், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு, இருக்க வேண்டிய 2க்கும் 3க்கும் இடையில் நின்றது. அப்போதுதான் ஒரு திவசத்துக்கு வந்த சித்தப்பா "அது எலிமருந்தெல்லோ அண்ணை" என்றார். 1948இல் எலிமருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது, உண்மை. 1954இல் இருந்து மனிதருக்கும் அளந்து கொடுக்கிறார்கள். அதைச் சொல்ல நான் பக்கத்தில் இல்லை, அடுப்படியில் நின்றேன். சித்தப்பாவைக் குறை சொல்லவில்லை, அண்ணன் மேல் அவருக்கு உயிர். அப்பா எங்களுக்குச் சொல்லாமலே குளிசையை நிறுத்தினார். ஏழாம் கிழமை ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை வலது கையில் இருந்து நழுவியது. வாய் கோணியிருந்தது.

அஸ்பிரின் போதாதா என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இந்தக் கட்டியைத் தடுக்க அது ஈடாகாது. இரத்தக்கசிவு வரும் என்ற பயமும் பொய்யில்லை, அதற்குத்தான் அடிக்கடி இரத்தம் பார்க்கிறார்கள், பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் சொல்ல வேண்டும். கீரை வார்பரினின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கை இலை, பொன்னாங்காணியை அடியோடு விட வேண்டாம், கிழமைக்குக் கிழமை அளவு மாறாமல் சாப்பிடட்டும்.

இந்த இரத்தப் பரிசோதனைக்குப் போக விடியவே றோட்டில் நிற்கிறோம். கைத்தடியோடு நிற்பவரைக் கண்டால் பஸ் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறது. அவரை ஏற்ற ஒரு நிமிடம் கூட ஆகாது. இதை யாரிடம் சொல்வது?

சரி, உங்கள் அம்மாவிடம் வருகிறேன். போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னாலும் குளிசையை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணவில்லை.