விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவைப் பக்கம் பம்ப் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். வேலைக்கு எழுதும் கடிதம் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன் அண்ணா, அனுபவம் இல்லை. "கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்" என்று எழுதினால் போதுமா?

போதாது தம்பி. அந்த வரி எல்லோர் கடிதத்திலும் இருக்கிறது. படிப்பவருக்கு உங்களைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கடைசி வருட ப்ராஜெக்ட்டில் உங்கள் கைபட்டது எது? "எங்கள் குழுவில் ஷாஃப்டை லேத்தில் கடைந்ததும் மைக்ரோமீட்டரில் அளவு பார்த்ததும் என் பொறுப்பு" என்று எழுதிப் பாருங்கள். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நின்று படிப்பார். நேர்காணலிலும் அதைப் பற்றித்தான் கேட்பார், உங்களுக்குச் சொல்லவும் விஷயம் இருக்கும். செய்யாததை மட்டும் எழுதிவிடாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அப்ரண்டிஸாகச் சேரத் தயார் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் டிப்ளமோ படித்தவர்களையும் எடுக்கிறார்கள். மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸ் (NATS) தளத்தில் பதிவு செய்திருந்தால் பதிவு எண்ணைச் சேருங்கள்.

மதுரையில் அக்கவுண்ட்ஸ் வேலையில் இருந்தேன் சார். குழந்தைக்காக 2019-இல் விட்டேன். இந்த இடைவெளியைக் கடிதத்தில் சொல்லாமல் விடலாமா?

விடாதீர்கள் அம்மா. ரெஸ்யூமேயில் தேதிகளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கடிதத்தில் காரணம் இல்லையென்றால் படிப்பவர் தானாக ஒன்றை நினைத்துக்கொள்வார்.

கணித மேதை ராமானுஜன் 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். சில வரிகள்தான். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் கல்லூரி இடைநிலைப் படிப்பு) வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை என்கிறார். என்ன சூழ்நிலை என்று விவரிக்கவே இல்லை. உடனே, அந்த நேரத்தையெல்லாம் கணிதத்துக்கே கொடுத்து வருகிறேன், இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று முடித்துவிடுகிறார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் கூடவே போனது. மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். படிப்பு நின்றுபோனதை மறைக்காமல், அதிலேயே தங்கிவிடாமல், இப்போது என்ன செய்கிறேன் என்பதற்கு வந்துவிட்ட அந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்களும் அப்படியே செய்யலாம். "குழந்தை வளர்ப்புக்காக 2019 முதல் வேலையில் இல்லை" என்பது ஒரு வரி. அடுத்த வரி, இப்போது என்ன தெரியும் என்பது. நீங்கள் விடும்போது கணக்கு எழுதும் மென்பொருளாக டேலி இஆர்பி 9 இருந்திருக்கும். 2020-இல் டேலி பிரைம் வந்துவிட்டது. அதில் பழகிவிட்டு எழுதுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்த அனுபவம் இருந்தால் அதுவும் வரட்டும்.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள்.

ஈமெயிலில் ரெஸ்யூமேயை மட்டும் இணைத்து அனுப்புகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை.

வெறும் ஈமெயிலாக வந்தால் எந்த வேலைக்கு என்றே தெரியாது. சப்ஜெக்ட்டில் பதவியின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். கடிதத்தைத் தனி ஃபைலாக இணைக்க வேண்டாம், ஈமெயிலிலேயே எழுதுங்கள். செல்போன் திரையில் ஸ்க்ரோல் செய்யாமல் படித்து முடிக்கிற அளவு போதும். ரெஸ்யூமேயை உங்கள் பெயரிட்டு பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

பி.எட். முடித்து டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்றிருக்கிறேன். பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் எதை முதலில் சொல்வது?

டெட்டையே. எந்தத் தாள் என்பதும் வேண்டும். முதல் தாள் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை, இரண்டாம் தாள் 6 முதல் 8 வரை. அப்புறம் உங்கள் பாடம், கற்பித்தல் பயிற்சியின்போது எடுத்த வகுப்புகள்.

அப்பா போன வருடம் இறந்துவிட்டார். கடன் இருக்கிறது. இதையெல்லாம் எழுதினால் இரக்கப்பட்டு வேலை தருவார்களா?

உங்கள் நிலைமை புரிகிறது தம்பி. ஆனால் தனியார் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். படிப்பவர் வருத்தப்படுவார், ஆனால் உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். அந்த இடத்தில் உங்கள் திறமையை எழுதுங்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். அப்பா தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால், கருணை அடிப்படையில் வேலை கேட்க வழி இருக்கிறது. அங்கே குடும்ப நிலைமைதான் விண்ணப்பத்தின் அடிப்படையே. அவர் இறந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள், அவர் வேலை பார்த்த துறையில் விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும். தேவையான சான்றிதழ்கள் என்னென்ன என்று அந்த அலுவலகத்தில் கேட்டு இப்போதே சேகரியுங்கள். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கவே நாள் பிடிக்கும்.

கடிதம் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. போன் செய்யலாமா?

தாராளமாக. ஒரே ஒரு முறை, காலை 11 மணிக்கு மேல். பெயர், பதவி, அனுப்பிய தேதி மூன்றையும் சொல்லி, கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.