12 மாதத் தவணையில் லேப்டாப்: வரிச் சலுகை கைகொடுக்குமா?

கேள்வி: வயது 26. பினாங்கு பாயான் லெப்பாஸில் நிர்வாக வேலை, சம்பளம் 3,200 ரிங்கிட். இரவில் வெப் டிசைன் படிக்கிறேன். ஓரிருவர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். ஆயர் ஈத்தாம் வீட்டில் ஓர் அறையை ஆபீஸாக்க ஆசை. 4,000 ரிங்கிட் லேப்டாப்பை மாதம் 1.5 விழுக்காட்டில் 12 மாதத் தவணைக்கு எடுக்க நினைக்கிறேன். மேசை, நாற்காலி, திரை சேர்த்தால் மொத்தம் 8,000. வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். சேமிப்பு 6,000, மாதச் செலவு 2,000. செய்யலாமா?

பதில்: தவணை வேண்டாம். கழிப்பதற்கு உங்களுக்கு வரியே இல்லை. ஆண்டுச் சம்பளம் 38,400. அதில் தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 4,000 போக 25,400. இதற்கு வரி 312 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக, கட்ட வேண்டியது பூஜ்யம். தவணைக்கோ 720 ரிங்கிட் கூடுதலாகப் போகும். நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழு 4,000-க்கும் ஓடுவதால், உண்மை வட்டி ஆண்டுக்கு 31 விழுக்காட்டுக்கு மேல். கிரெடிட் கார்டே இதைவிட மலிவு!

சேமிப்பில் 4,000-ஐத் தொடாதீர்கள். அது இரண்டு மாதச் செலவு. மீதி 2,000-க்குள் வேலையைத் தொடங்கலாம்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் ரக லேப்டாப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, சுமார் 1,500-க்குத் தேடுங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். அவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 8 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைத்து, தனி ரேம் ஸ்லாட்டும் இல்லாத மாடல் என்றால் பிறகு கூட்ட வழியில்லை. கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்: ஃபுல் சார்ஜ் அளவு, டிசைன் அளவில் பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இந்த விலை லேப்டாப்களின் திரை பெரும்பாலும் 45 விழுக்காடு என்டிஎஸ்சி ரகம், அதாவது குறைந்த நிறங்களையே காட்டுவது. சிவப்பு வெளிறித் தெரியும். நீங்கள் அதை ஈடுகட்டி நிறத்தைக் கூட்டினால், வாடிக்கையாளர் போனில் கண்ணைக் கூசும். அதனால் 24 அங்குல ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத) திரை, எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் வழக்கமான நிற வரம்பு) 99 விழுக்காடு, சுமார் 450 ரிங்கிட். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் யுபிஎஸ் தேவையில்லை. மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்க சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் போதும்; நேரடி இடிக்கு அது தாங்காது. சாப்பாட்டு மேசையே மேசை. மென்பொருளுக்கு, டிசைன் வரைய ஃபிக்மா இலவசத் திட்டமும் கோட் எழுத விஎஸ் கோடும். கட்டணச் சந்தா டாலரில் ஓடும், அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. சாதாரண நாற்காலி ஒன்று முதல் முன்பணத்தில் வரட்டும்.

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதியுங்கள்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30, வணிகப் பெயரில் 60 ரிங்கிட். அதன்பின் வருமானத்தை பி பாரத்தில் (தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான வரிப் படிவம்) காட்ட வேண்டும். கணினிக்கான 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைக் கழிவு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். தொழிலுக்கு வாங்கியது மூலதனக் கழிவில் (சாதனத்தின் விலையைத் தொழில் வருமானத்தில் கழிப்பது) வரும். தலா 2,000-ஐத் தாண்டாத பொருளை முதல் ஆண்டிலேயே முழுதாகக் கழிக்கலாம். ஆனால் இந்தக் கழிவு வெப் வருமானத்தில் மட்டும்தான், சம்பளத்தில் அல்ல. மிஞ்சியது அடுத்த ஆண்டுக்குப் போகும். ரசீதுகளை ஏழு ஆண்டு வையுங்கள்.

வரி உண்மையில் கடிக்கும் இடம் 35,000 எல்லை. வெப் வேலையால் வரிக்குரிய வருமானம் 36,000 ஆனால் தள்ளுபடி போய் வரி 660 ரிங்கிட். அந்த ஆண்டில் தொழிலுக்கென இரண்டாம் திரை, நல்ல நாற்காலி, மேசை என்று 1,950-க்கு வாங்கியிருந்தால் வருமானம் 34,050-க்கு இறங்கும், வரி 171.50 மட்டுமே. எனவே அறையை அலங்கரிக்கும் செலவை அந்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்; டிசம்பருக்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்பதையும் முதல் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.